மண்ணுக்குள் இருக்கும் பாதி

அமெச்சூர் வானொலி நடத்தப் புதிதாக உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். அவருடைய வீட்டின் பின்புறத்தில் 15 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு தோட்டம். அதன் கோடியில் ஒரு தென்னை. வீட்டுக்கு மேல் ஒரு மொட்டை மாடி. இவ்வளவுதான் அவருக்கு வாய்த்த இடம். ஆசையோ பெரிது. 160 மீட்டர், 80 மீட்டர் அலைகளில் கடல் கடந்த நாடுகளோடு பேச வேண்டும் என்றார். “எந்த ஏரியலைப் போடலாம், ஐயா?” என்பது அவருடைய கேள்வி. ஒரு சொல்லில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. சொல்லத் தொடங்கியபோது அது நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறாக நீண்டுவிட்டது. அவருக்குச் சொன்னதையே இங்கே ஒருவாறு ஒழுங்குபடுத்திச் சொல்லுகிறேன்.

முதலில் இடையூறு இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். இரு பக்கமும் கைகளை நீட்டியதுபோல் கட்டும் கம்பிக்கு அலைநீளத்தில் பாதி நீளம் வேண்டும். 80 மீட்டர் அலைக்கு அது ஏறக்குறைய 40 மீட்டர். 160 மீட்டர் அலைக்கு 80 மீட்டர். செங்குத்தாக நிறுத்தும் கம்பமாயின் கால் அலை போதும். ஆனால் 160 மீட்டர் அலையில் அந்தக் கால் பங்கே 40 மீட்டர், அதாவது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம். குறுகிய அலைகளில் வேலை செய்பவனுக்கு வீடு பெரிது, அலை சிறிது. நீண்ட அலைக்காரனுக்கோ அலை பெரிது, வீடு சிறிது. அவன் எதைத் தேர்ந்தாலும் முழுமையானதைத் தேர்வதில்லை. எந்தக் குறையோடு வாழலாம் என்பதைத்தான் தேர்கிறான்.

ஏரியல்களில் ஆதியிலிருந்தே இரண்டு குலங்கள் உண்டு. 1887, 1888 ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியபோது, அவருடைய கருவியின் இரு பாதிகளும் காற்றிலேயே இருந்தன. 1895-இல் இத்தாலியில் தம் தந்தையாரின் பண்ணை வீட்டில் சோதனை செய்த மார்க்கோனி ஒரு பாதியை உயரத் தூக்கி, மறு பாதியை மண்ணோடு இணைத்தார். உடனே செய்தி செல்லும் தொலைவு பன்மடங்கு பெருகிற்று. இந்த இரண்டாம் குலத்து ஏரியலில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பாதிதான். மற்றொரு பாதி மண்ணுக்குள் இருக்கிறது. வீட்டு ஏரியலின் வரலாறு முழுவதும் அந்தக் காணாத பாதியை மறந்தவர்களின் வரலாறும், நினைவிற் கொண்டவர்களின் வரலாறுமே என்பது என் துணிபு.

அமெச்சூர்கள் இந்த நீண்ட அலைகளுக்கு வந்து சேர்ந்தது விரும்பி அன்று. 1912 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க அரசு இயற்றிய வானொலிச் சட்டம், தனியார் நிலையங்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலையைப் பயன்படுத்தக் கூடாது என்றும், ஒரு கிலோவாட்டுக்கு மேல் ஆற்றல் செலுத்தக் கூடாது என்றும் விதித்தது. அலை நீள நீளத்தான் தொலைவு செல்லும் என்று அறிஞர்கள் நம்பிய காலம் அது. கப்பல்களும் கடற்படையும் பெரிய வணிக நிலையங்களும் ஆயிரக்கணக்கான மீட்டர் அலைகளை எடுத்துக்கொண்டன. எஞ்சிய எச்சிலைத்தான் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள். 200 மீட்டரில் இவர்களால் பக்கத்து ஊருக்கு அப்பால் எட்ட முடியாது, தாமே சலித்து ஓய்ந்துவிடுவார்கள் என்று எண்ணியவர்கள் பலர்.

ஓயவில்லை. 1914-இல் ஹைரம் பெர்ஸி மேக்ஸிம் என்பவர் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். இவருடைய தந்தை இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். இவரோ துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியைச் செய்தவர். ஓசையை அடக்கியவர் கையாலேயே ஊர் விட்டு ஊர் ஓசை பரப்பும் சங்கம் அமைந்தது ஒரு வேடிக்கை. அக்காலத்து அமெச்சூர் வீடுகளில் கண்ட ஏரியல் பெரும்பாலும் ஒரே வடிவத்தது. வீட்டிலிருந்து ஒரு கம்பி நேராக மேலே ஏறும். இரண்டு கம்பங்களுக்கு இடையே படுக்கையாகச் சில கம்பிகள் ஓடும். தலைகீழாக வைத்த எல் என்னும் ஆங்கில எழுத்துப் போலவோ, டி என்னும் எழுத்துப் போலவோ இருக்கும். இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

முதல் உலகப் போர் முடிந்து, அடைத்த நிலையங்கள் மீண்டும் திறந்தபின், அட்லாண்டிக் பெருங்கடலை இந்தச் சிற்றலையில் தாண்ட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. 1921 பிப்ரவரியில் அமெரிக்க அமெச்சூர்கள் அனுப்பினார்கள். பிரிட்டிஷ் அமெச்சூர்கள் காத்திருந்தார்கள். ஒன்றும் உறுதியாகக் கேட்கவில்லை. பழி யாருடையது? அனுப்பியவருடையதா, கேட்டவருடையதா? 200 மீட்டர் அலை பயனற்றது என்று சொன்னவர்களின் வாய்க்கு இது நல்ல தீனி. இரண்டாவது முயற்சியும் தோற்றால் அமெச்சூர்களுக்கு அந்த அலைதானும் எதற்கு என்று கேட்பவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

ஆகவே சங்கம் ஒரு துணிவான காரியம் செய்தது. கேட்பதில் தேர்ந்த ஓர் அமெரிக்கரையே கடலுக்கு அப்பால் அனுப்பிற்று. பால் காட்லி என்பவர் 1921 நவம்பரில் அக்குவிடேனியா என்னும் கப்பலில் ஏறினார். நகர்ப்புறத்து இரைச்சலை விட்டு விலகி, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ராசன் என்னும் சிற்றூரைத் தேர்ந்தார். கடலோரத்து வயல் ஒன்றில் கூடாரம் அடித்தார். டிசம்பர் மாதத்துக் குளிரும் மழையும் காற்றும் எப்படியிருக்கும் என்பதை நம் நாட்டு மார்கழியைக் கொண்டு ஊகிக்க முடியாது. ஈரக் கூடாரத்தில், விளக்கொளியில், விரல்கள் விறைக்க, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருந்தார்.

அவர் கட்டிய ஏரியல்தான் இங்கே நமக்கு முக்கியம். உயர்ந்த கோபுரம் ஒன்றும் எழுப்பவில்லை. ஏறத்தாழ 1,300 அடி நீளமுள்ள ஒரே கம்பியை, 12 அடி உயரக் கழிகளின்மேல், அமெரிக்கா இருக்கும் திசையை நோக்கி இழுத்துக் கட்டினார். துணி உலர்த்தும் கொடிக்கும் அதற்கும் தோற்றத்தில் வேறுபாடு சிறிதே. ஹரால்டு பெவரேஜ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அப்போதுதான் கண்டறிந்திருந்த ஏரியல் அது. அதன் சூட்சுமம் மண்ணில் இருக்கிறது. நன்றாக மின்சாரம் கடத்தாத தரையின்மேல் ஓர் அலை ஓடி வரும்போது, அதன் அடிப்பகுதி தரையில் இழுபட்டுப் பின்தங்க, அலையின் முகம் முன்புறம் சற்றே சாய்கிறது. அந்தச் சாய்வினால் தாழ்ந்து கிடக்கும் கம்பியின் நீளப்போக்கில் மின்னழுத்தம் தோன்றி, அலையோடு கூடவே ஓடி வந்து, சிறிது சிறிதாய்ச் சேர்ந்து கருவியை அடைகிறது. எதிர்த்திசையிலிருந்து வருபவையோ கம்பியின் மறுகோடிக்குச் சென்று, அங்கே தரையோடு இணைத்த ஒரு மின்தடையில் அடங்கிவிடுகின்றன. தரை கெட்டதாயிருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏரியலின் விதி. நல்ல தரையில் அலை சாயாது. சாயாவிட்டால் இது செவிடு.

இனிக் கடலின் மறுகரையைப் பார்ப்போம். கனெக்டிகட் மாநிலத்துக் கிரீனிச் என்னும் ஊரில், ரேடியோ கிளப் ஆஃப் அமெரிக்கா என்னும் சங்கத்தைச் சேர்ந்த ஆறு நண்பர்கள் இந்தச் சோதனைக்கென்றே ஒரு சிறு கொட்டகையில் 1பி.சி.ஜி. என்ற நிலையத்தை அமைத்தார்கள். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் அவர்களுள் ஒருவர். தீப்பொறிக் கருவியை விடுத்து, வால்வுகளைக் கொண்டு தொடரலை எழுப்பினார்கள். ஏரியல் டி வடிவமானது. அதன் கீழே தரையில் வெறும் குழாய் ஒன்றை அடித்து நிறுத்திக்கொள்ளவில்லை. ஏரியலின் அடியிலிருந்து நாற்புறமும் சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கம்பிகளை விரித்தார்கள். மண்ணின் மின்தடையில் ஆற்றல் வீணாகாதபடி, மண்ணுக்குப் பதிலாகச் செம்பை விரித்தார்கள் என்று சொல்லலாம்.

1921 டிசம்பர் 12 ஆம் தேதி விடியுமுன், 230 மீட்டர் அலையில் அவர்கள் அனுப்பிய முழுச் செய்தி ஒன்றைக் காட்லி தம் கூடாரத்தில் எழுதிக்கொண்டார். அனுப்பியவர்களின் ஊரில் அப்போது 11 ஆம் தேதி இரவு. 1901 ஆம் ஆண்டு அதே டிசம்பர் 12 அன்றுதான் மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்துக் குன்றொன்றில், பட்டத்தில் தூக்கிய 500 அடிக் கம்பியைக் கொண்டு கடல் கடந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்திருந்தார். இருபதாண்டு இடைவெளியில், கம்பெனியின் முதலும் பட்டமும் இல்லாமல், விளையாட்டுக்காக வேலை செய்தவர்கள் மூன்று புள்ளிகளுக்குப் பதில் ஒரு கடிதத்தையே அனுப்பினார்கள். காட்லி அந்தச் சில இரவுகளில் இருபதுக்கு மேற்பட்ட அமெரிக்க நிலையங்களைக் கேட்டார். பிரிட்டிஷ் அமெச்சூர்கள் சிலரும் தத்தம் வீடுகளிலிருந்தே கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு நயமும் உண்டு. காட்லியிடம் இருந்த கருவிகளுள் ஒன்று சூப்பர்ஹெட்டரோடைன் வகையைச் சேர்ந்தது. அதனைக் கண்டுபிடித்தவர், மறுகரையில் அனுப்பிக்கொண்டிருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கே.

இந்நிகழ்ச்சியை வீரக் கதையாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் பட்ட செய்தி வேறு. ஒரு கரையில் மண்ணின் கெடுதலை வெல்லச் செம்பை விரித்தார்கள். மறு கரையில் மண்ணின் கெடுதலையே துணையாகக் கொண்டார்கள். அனுப்பும் ஏரியல் ஒன்று, கேட்கும் ஏரியல் மற்றொன்று. ஒரே கம்பி இரண்டு தொழிலையும் செய்ய வேண்டும் என்று இன்றும் நம் நண்பர்கள் நினைப்பது, 1921-லேயே தீர்ந்துபோன வழக்கை மறுபடி தொடுப்பதாகும்.

இதற்குப்பின் உலகம் நீண்ட அலைகளை ஒரு காலம் மறந்தது. 1923 நவம்பரில் பிரான்சு நாட்டு நீஸ் நகரத்து லியோன் டெலாய் என்பவரும், அமெரிக்கரான ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகிய இருவரும் 100 மீட்டரை ஒட்டிய அலையில் கடல் கடந்து இருவழியும் பேசினார்கள். அலை குறையக் குறையத் தொலைவு கூடுவதைக் கண்டு எல்லாரும் 40 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் ஓடினார்கள். அங்கே ஏரியல் சிறிது, கூரைக்கு மேலேயே அடங்கும். மண்ணைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையே குறைந்தது.

மண்ணைப் பற்றிய கணக்கை ஐயமறத் தீர்த்தவர்கள் அமெச்சூர்கள் அல்லர். நடு அலை ஒலிபரப்பு நிலையங்களுக்காக ஆர்.சி.ஏ. கம்பெனியைச் சேர்ந்த பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் என்னும் மூவர் நியூ ஜெர்சிப் பண்ணை நிலம் ஒன்றில் செய்த சோதனைகளின் முடிவு 1937 ஜூன் மாதத்தில் வெளிவந்தது. அவர்கள் செம்புக் கம்பிகளைக் கம்பத்தைச் சுற்றி ஆரங்களாக மண்ணில் புதைத்து, இரண்டு முதல் 113 வரை எண்ணிக்கையை மாற்றி, அலையின் வலிமையை அளந்தார்கள். சோதித்த அலை 100 மீட்டர். நம் நண்பரின் 80 மீட்டருக்கு அண்டை வீடு. இரண்டு முடிவுகள் நமக்கு வேண்டுவன. கம்பிகள் சிலவாயிருந்தால் அவற்றை நீட்டிக்கொண்டே போவதால் பயன் மிகச் சிறிது. பலவாக இருந்தால்தான் நீளத்துக்குப் பலன் உண்டு. மற்றொன்று: நிலத்தடிக் கம்பிகள் நிறைவாக இருந்தால், குட்டையான கம்பமும் கால் அலைக் கம்பத்துக்கு ஏறக்குறைய ஈடாக அலை எழுப்பும். நடு அலைக் கோபுரங்களின் அடியில் 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் அவர்களுடைய ஆய்வை ஒட்டிப் பரவியதே. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் நாம் அந்தக் கம்பிகளைக் காண்பதில்லை.

நண்பரின் தோட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். 10 மீட்டர்க் குழாய் ஒன்றை 160 மீட்டர் அலைக்கு நிறுத்தினால், வெளியே அலையாகப் போகும் ஆற்றலைக் குறிக்கும் கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ ஒன்றரை ஓம்தான். மண்ணின் மின்தடை 15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் செலுத்தினால் 9 வாட் வானத்துக்கு. எஞ்சிய 91 வாட் மண்புழுக்களுக்கு வெப்பம். குழாயின் தலையிலிருந்து படுக்கையாகக் கம்பிகளை நீட்டினால், குழாய் முழுவதும் மின்னோட்டம் குறையாமல் ஓடி, அந்த ஒன்றரை ஓம் ஐந்து ஓமாக உயரக்கூடும். அப்போது 25 வாட் வெளியேறும். மேலும் நிலத்தில் கம்பிகளை நிறைய விரித்து மண்ணின் 15 ஓமை 5 ஓமாகக் குறைத்தால், 50 வாட் வெளியேறும். சுருளில் போகும் சிறு நட்டத்தை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. கம்பத்தின் உயரத்தில் ஓர் அடியும் கூட்டாமலேயே ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. 1915-இல் அமெச்சூர் வீடுகளில் தொங்கிய அந்தத் தலைகீழ் எல் வடிவம் கணக்கறியாமல் கட்டிய ஒன்றன்று என்பது இப்போது விளங்கும்.

இதை நான் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. என் இளமையில் 18 மீட்டர்க் குழாய் ஒன்றை நாற்புறமும் கம்பி இழுத்துக் கட்டி நிறுத்தினேன். ஊரே வந்து பார்த்தது. எர்த்துக்கு என்ன செய்தேன் தெரியுமா? கிணற்றடியில் ஒரு குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, ஓர் இரும்புக் குழாயை அடித்து, நாள்தோறும் தண்ணீர் ஊற்றிவந்தேன். மின்சார வேலைக்காரர்கள் மோட்டாருக்குச் செய்யும் எர்த்து அது. மோட்டாருக்கு அது போதும். வானொலி அலையின் மின்னோட்டமோ ஒரு புள்ளியில் இறங்குவதன்று. கம்பத்தைச் சுற்றிய நிலப்பரப்பு முழுவதிலிருந்தும் திரும்பி வருவது. இரண்டு பனிக்காலம் அழைத்தேன். அருகிலுள்ள ஊர்கள் பதில் தந்தன. கடல் கடந்து ஒருவரும் தரவில்லை. குறை கம்பத்தின் உயரத்தில் இருக்கிறதென்று நம்பி இன்னும் மூன்று மீட்டர் கூட்டினேன். அந்தப் பணத்துக்குப் பழைய மோட்டார்களின் செம்புக் கம்பியை வாங்கியிருந்தால் தோட்டம் முழுவதும் விரித்திருக்கலாம். மூன்றாம் ஆண்டில்தான் விரித்தேன். பதினாறாவது கம்பியைப் புதைத்த வாரத்தில், வைகறையில், முதல் வெளிநாட்டுப் பதில் வந்தது.

கிடைக்கம்பியை நான் இகழ்வதாக நினைக்க வேண்டா. 80 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி, ஆற்றலில் பெரும்பகுதியை நேரே மேல்நோக்கி அனுப்புகிறது. அது அயனி மண்டலத்தில் பட்டுக் குடை விரித்தாற்போல் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இறங்கும். சென்னையிலிருந்து மதுரைக்கும் பெங்களூருக்கும் பேசுபவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. மண்ணைத் தோண்டும் வேலையும் இல்லை. தொலைநாட்டை விரும்புபவருக்கோ அலை அடிவானத்தை ஒட்டிச் செல்ல வேண்டும். கிடைக்கம்பியால் அதைச் செய்ய 160 மீட்டர் அலையில் 80 மீட்டர் உயரம் வேண்டும். ஆகையால் யாரோடு பேச ஆசை என்று கேட்ட பிறகே ஏரியலைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் போருக்குப்பின் 160 மீட்டர் அலையின் இடத்தைக் கப்பல்களுக்கு வழிகாட்டும் லோரான் நிலையங்கள் நெடுங்காலம் பகிர்ந்துகொண்டன. அந்த நெருக்கடியிலும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலோர ஊரான வின்த்ராப்பிலிருந்து ஸ்டூவர்ட் பெர்ரி என்பவர் பல பத்தாண்டுகள் அந்த அலையை உயிரோடு வைத்திருந்தார். உப்புநீருக்கு நிகரான தரையிணைப்பு இல்லை. கடற்கரையில் குடியிருப்பவர் கொடுத்துவைத்தவர்.

கேட்பதைப் பற்றி ஒரு சொல். வெப்ப மண்டலத்தில் இடியின் சலசலப்பு இந்த அலைகளில் மிகுதி. நகரங்களில் அதனோடு எல்.இ.டி. விளக்குகளும், கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டிகளும் எழுப்பும் இரைச்சல் வேறு. குறியோசை உரக்கக் கேட்பதால் பயனில்லை. இரைச்சலைவிட ஓங்கிக் கேட்க வேண்டும். காட்லியின் 1,300 அடிக்கு நம்மில் யாருக்கும் இடமில்லை. ஆயினும் ஒரு மீட்டர் அகலமுள்ள வளையம் ஒன்றை மாடியில் வைத்துத் திருப்பினால், இரைச்சல் வரும் ஒரு திசையை அடைத்துவிடலாம். குறியும் அதில் மெலியத்தான் செய்யும். இரைச்சல் அதைவிட மெலிந்தால் போதும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட இளைஞர், தென்னைக்கும் மாடிக்கும் இடையே கம்பி இழுத்து ஒரு தலைகீழ் எல் போடுவதென்றும், ஐப்பசி இடிக்கு அஞ்சி ஒவ்வொரு மாலையும் அதனைக் கழற்றித் தரையோடு இணைப்பதென்றும் ஒப்புக்கொண்டு போனார். சென்ற வாரம் அவர் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். மண்வெட்டியும் கையுமாகத் தோட்டத்தில் நின்றிருந்தார். எட்டுக் கம்பிகள் மண்ணுக்குள் போயிருந்தன. ஒன்பதாவதற்குக் கோடு கிழித்திருந்தார். அவருடைய தாயார் திண்ணையில் உட்கார்ந்து, தம் மல்லிகைப் புதர் எந்தக் கோட்டில் அகப்படும் என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கம்பியைப் புதரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகலாம், அலைக்கு அது தெரியாது என்று அம்மையாருக்கு உறுதி சொல்லிவிட்டு வந்தேன்.